திருமுழுக்குப் பெறாத என் கணவருக்காகப் பூசை வைக்கலாமா?

கேள்வி: நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். என் கணவர் இந்து. ஆயரின் அனுமதி பெற்றுக் கோவிலில்தான் எங்கள் திருமணம் நடந்தது. பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க அவர் தடை சொன்னதில்லை. ஞானோபதேச வகுப்புக்கு அவரே கூட்டிக்கொண்டு போவார். ஞாயிறுதோறும் என்னைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் பூசை முடியும்வரை காத்திருப்பார். கடைசிவரை அவர் திருமுழுக்குப் பெறவில்லை. சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய குடும்ப வழக்கப்படி தகனம் செய்து, அஸ்தியைத் தாமிரபரணியில் கரைத்தோம். என் அக்காள் மகன், “சித்தப்பா நற்செய்தியைக் கேட்டும் ஏற்றுக்கொள்ளாதவர், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை, அவர் நரகத்தில்தான் இருக்கிறார்” என்று என் மகள் எதிரிலேயே சொல்கிறான். இது உண்மையா? எங்கள் உறவுக்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் குடித்துவிட்டு மனைவியை அடித்தவர். சாகும் நேரத்தில் பங்குச் சாமியார் வந்து நோயில்பூசுதல் என்ற எண்ணெய் பூசும் அருட்சாதனத்தைக் கொடுத்தார். ஊரே அதை நல்ல மரணம் என்றது. அவர் மோட்சத்துக்கும் என் கணவர் நரகத்துக்குமா? கல்லறைத் திருநாளில் மந்திரிக்க எனக்கு ஒரு கல்லறைகூட இல்லை. அவருக்காகப் பூசை வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வைக்கலாம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 901-ஆம் எண்ணில், உயிரோடு இருப்பவர் இறந்தவர் என்ற வேறுபாடின்றி யாருக்காகவும் திருப்பலியை, அதாவது பூசையை, ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை உண்டு என்று ஒரே வரியில் சொல்கிறது. அந்த ‘யாருக்காகவும்’ என்பதில் திருமுழுக்குப் பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவினை இல்லை. மற்றவர்களைப் போலவே பங்கு அலுவலகத்தில் உங்கள் கணவரின் பெயரைச் சொல்லிப் பூசைக் கருத்தை எழுதிக் கொடுங்கள். பெயரைப் பூசையில் உரக்க வாசிப்பதா, கருத்தாக மனத்தில் வைத்துக்கொள்வதா என்பதில் உங்கள் பங்குத்தந்தைக்கு ஏதேனும் தயக்கம் இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வழிபாட்டு ஒழுங்கைப் பற்றிய தயக்கமே ஒழிய, உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பற்றிய தீர்ப்பு அன்று. கல்லறை இல்லை என்பதும் தடையாகாது. மந்திரிப்பது மண்ணுக்கு, மன்றாட்டு மனிதருக்கு.

இந்தச் சிறிய சட்ட எண்ணைச் சற்று உற்றுப் பார்த்தால், உங்கள் முதற்கேள்விக்கான பதிலின் பாதி அதிலேயே இருப்பது தெரியும். நரகத்தில் இருப்பவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுவதில்லை. அங்கிருந்து மீட்சி இல்லை என்று அது போதிப்பதால், அப்படிப்பட்ட மன்றாட்டுக்கு அதன் போதனையில் பொருளே இல்லை. இறந்தோருக்கான செபங்கள் எல்லாம் உத்தரிப்பு நிலையில் இருப்போரை எண்ணிச் செய்யப்படுபவை. அதாவது மீட்பு உறுதியாகிவிட்ட, ஆனால் தூய்மை பெறவேண்டிய ஆன்மாக்களுக்கானவை. அப்படியிருக்க, இறந்த எவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது என்றால், எந்த மனிதரையும் ‘இவர் இழக்கப்பட்டவர்’ என்று ஒதுக்கிவைக்கத் திருச்சபை துணியவில்லை என்றுதான் பொருள். பூசையில் சொல்லப்படும் மன்றாட்டுகளில் ஒன்றான நான்காம் நற்கருணை மன்றாட்டைக் குரு சொல்லும்போது ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். கிறிஸ்துவின் அமைதியில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தபின், எவருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிவாரோ அந்த இறந்தோர் அனைவரையும் அது நினைவுகூர்கிறது. மரத்தடியில் காத்திருந்த மனிதருக்கும் அந்த வரியில் இடம் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

உங்கள் அக்காள் மகன் சொல்வதை அவராகக் கற்பனை செய்துகொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன், அது நியாயமாகாது. “நம்பிக்கை கொண்டு திருமுழுக்குப் பெறுவோர் மீட்புப் பெறுவர், நம்பிக்கையற்றவரோ தண்டனைத் தீர்ப்பு அடைவர்” என்பது மாற்கு நற்செய்தியின் வார்த்தை. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற கூற்று மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயராக இருந்த புனித சிப்பிரியான் காலத்திலிருந்தே வழங்கி வருகிறது. அவர் அதைத் திருச்சபையிலிருந்து பிரிந்து போனவர்களைக் கருத்தில் கொண்டு சொன்னார் என்பதைப் பிற்காலத்தார் பலர் மறந்துவிட்டார்கள். 1442-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம், அதாவது அங்கே கூடிய ஆயர்களின் பேரவை, வெளியிட்ட ஆவணம், இறப்பதற்கு முன் திருச்சபையோடு இணையாவிட்டால் பிற சமயத்தாரும் யூதரும் பிரிவினையாளரும் அணையாத நெருப்புக்கே போவார்கள் என்று கடுமையாகவே சொல்கிறது. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னால், அந்த இளைஞர் நாளை அந்த வரிகளை எடுத்துக் காட்டும்போது என் ஆறுதல் அதோடு போய்விடும்.

உங்கள் கடற்கரை முழுவதும் தந்தையாகப் போற்றும் புனித சவேரியாரே இந்தக் கேள்வியில் தவித்தவர்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கிச் சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவர், பின்னர் 1549-இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து திரும்பியபின், 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் இயேசு சபையினருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு காட்சி வருகிறது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஜப்பானியர், தங்கள் தாய் தந்தையரும் முன்னோரும் நற்செய்தியையே கேள்விப்படாமல் இறந்துபோனார்களே, அவர்களை நரகத்திலிருந்து கடவுளால் விடுவிக்க முடியாதா, நாங்கள் தருமம் செய்து செபித்தால் பயன் உண்டா என்று அழுதுகொண்டே கேட்கிறார்கள். வழியில்லை என்று சவேரியார் பதில் சொல்கிறார். பரிகாரம் இல்லாத ஒன்றுக்காக இத்தனை அன்பான நண்பர்கள் அழுவதைக் காணத் தமக்கும் துயரமாக இருந்தது என்று எழுதுகிறார். தம் காலத்து இறையியல் தந்த பதிலை அவர் சொன்னார். அவருடைய மனம் அதில் நிறைவடையவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது.

அதே கடிதத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. கடவுள் இத்தனை காலம் எங்களுக்குத் தம்மை அறிவிக்காமல் இருந்தது நியாயமா என்று யாமாகுச்சி நகரத்தார் கேட்டபோது, கொலையும் களவும் தவறு என்பது உங்களுக்கு எந்த மறைநூலும் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது, மலையில் தனியே வளர்ந்தவனுக்கும் அது தெரியும், அந்தச் சட்டத்தை உள்ளத்தில் எழுதியவர் கடவுளே என்று அவர் விடை சொன்னார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் புனித பவுல் சொல்வதும் இதுதான். சவேரியார் இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினார், ஆனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கத் திருச்சபைக்கு மேலும் நான்கு நூற்றாண்டுகள் பிடித்தன.

நற்செய்தி உலகெங்கும் எட்டிவிட்டது, இனி அறியாதவர் என்று யாரும் இல்லை, ஏற்காதவர் எல்லாரும் மனமறிந்து மறுத்தவர்களே என்பது இடைக்கால ஐரோப்பியரின் பொதுவான எண்ணம். கடல் கடந்து புதிய நிலங்களைக் கண்டபோது அந்த எண்ணம் உடைந்தது. 1547-இல் திரெந்து பொதுச்சங்கம், திருமுழுக்கோ அதற்கான விருப்பமோ இன்றி ஒருவர் அருள்நிலைக்கு வர இயலாது என்று கூறி, ‘விருப்பம்’ என்ற கதவைத் திறந்தே வைத்தது. நவீனக் கொள்கைகளுக்குக் கடும் எதிரியாகப் பெயர் பெற்ற திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர்கூட (பயஸ்), தம் குற்றமின்றி உண்மைச் சமயத்தை அறியாமல், இயற்கைச் சட்டத்தைக் கடைப்பிடித்து நேர்மையாக வாழ்வோர் இறையருளால் நிலைவாழ்வு அடைய முடியும் என்று 1863-இல் இத்தாலிய ஆயர்களுக்கு எழுதினார். பிறகு 1940-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெனார்டு ஃபீனி என்ற இயேசு சபைக் குரு, உங்கள் அக்காள் மகனைப் போலவே, கத்தோலிக்கர் அல்லாதோர் எவருக்கும் மீட்பில்லை என்று அடித்துப் பேசினார். 1949 ஆகஸ்டில் உரோமையில் கோட்பாடுகளைக் கண்காணிக்கும் திருப்பேராயம் பாஸ்டன் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் உண்மையிலேயே அறியாத நிலையில் இருந்தால், இறைவன் விரும்புவது போல் வாழவேண்டும் என்ற அவருடைய மனநிலைக்குள்ளேயே திருச்சபையைச் சேரும் விருப்பமும் அடங்கியிருக்க முடியும் என்று விளக்கியது. ஃபீனி பணியவில்லை. உரோமைக்கு வரச் சொன்னபோதும் போகவில்லை. 1953-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1972-இல்தான் மீண்டும் ஒப்புரவானார். திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களை நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் தாமே வெளியே நிற்க நேர்ந்தது.

இந்த வளர்ச்சியை எல்லாம் சேர்த்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 16-ஆம் எண்ணில் எழுதியது: கிறிஸ்துவின் நற்செய்தியையும் அவருடைய திருச்சபையையும் தம் குற்றமின்றி அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளால் தூண்டப்பட்டு, மனச்சான்று காட்டுகிற அவருடைய திருவுளத்தை நிறைவேற்ற முயல்வோர் நிலையான மீட்பை அடைய முடியும். மறு ஆண்டு வெளிவந்த, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு இன்னும் ஒரு படி மேலே போய், இறைவனுக்கே தெரிந்த ஒரு வழியில், கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லாருக்கும் அளிக்கிறார் என்று நாம் நம்பவேண்டும் என்கிறது.

இங்கேதான் உங்கள் அக்காள் மகன் மறித்துக் கேட்பார்: “சித்தப்பா அறியாதவர் இல்லையே? பல ஆண்டுகள் கோவில் வாசலில் நின்றவர், ஒலிபெருக்கியில் மறையுரையைக் கேட்டவர், பிள்ளைகளை ஞானோபதேசத்துக்குக் கூட்டிப் போனவர். அறிந்தும் மறுத்தவர்தானே?” உங்கள் கடிதத்தின் உண்மையான முள் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆகவே இதை அவசரமாகக் கடக்க விரும்பவில்லை.

காதில் விழுவது வேறு, உள்ளத்தில் உண்மையென உணர்வது வேறு. திருச்சபை பற்றிய 1964-ஆம் ஆண்டுச் சங்க ஏட்டின் 14-ஆம் எண், திருச்சபை மீட்புக்குத் தேவையானது எனக் கடவுள் கிறிஸ்து வழியாக ஏற்படுத்தினார் என்பதை அறிந்திருந்தும் அதில் சேரவோ நிலைத்திருக்கவோ மறுப்பவரே மீட்புப் பெற இயலாதவர் என்கிறது. அங்கே குற்றம் என்று சொல்லப்படுவது உண்மையென உணர்ந்தபின் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அந்த உணர்வு ஒருவருக்குள் பிறந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து யாரால் சொல்ல முடியும்? சலமான்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதை 1539-லேயே, அமெரிக்கப் பழங்குடியினரை முன்வைத்து, தம் விரிவுரைகளில் தெளிவாகப் பேசினார். கிறிஸ்தவ நம்பிக்கை ஏற்கத்தக்க முறையில் எடுத்துச் சொல்லப்படாமல் வெறுமனே அறிவிக்கப்பட்டது என்பதற்காக அவர்கள் அதை ஏற்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றார். அதோடு நிற்காமல், அவர்களிடையே புதுமைகளும் புனித வாழ்வின் சான்றுகளும் நிகழ்ந்ததாகத் தாம் கேள்விப்படவில்லை, மாறாகக் கொடுமைகளையும் இடறல்களையும் பற்றியே கேள்விப்படுகிறேன் என்றும் சொன்னார். சொல்பவரின் வாழ்க்கை கேட்பவரின் செவியை அடைக்கக்கூடும் என்பதே அதன் உட்பொருள்.

உங்கள் கணவர் எங்கள் மறையுரைகளை வாசலில் நின்று கேட்டார். அதே நேரத்தில் உங்கள் உறவுக்காரர் தம் மனைவியை நடத்திய விதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். திருமுழுக்குப் பெறாததற்கு அவரிடம் என்ன காரணம் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தாய் தந்தையரைப் புண்படுத்தக் கூடாது என்ற தயக்கமா, தாம் கும்பிட்டு வளர்ந்த தெய்வத்தின் மீதுள்ள பற்றா, கிறிஸ்தவர்களிடம் கண்ட ஏதோ ஒன்றா, எனக்குத் தெரியாது. அந்த இளைஞருக்கும் தெரியாது. இவற்றில் எதுவும் கடவுளை மறுத்ததாகாது. கடவுளை மறுத்த மனிதர், தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அவருடைய வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

ஆனால், “நல்ல மனிதர், ஆகையால் மோட்சத்துக்குப் போய்விட்டார்” என்ற எளிய முடிவையும் திருச்சபை சொல்வதில்லை. நல்லவராக இருப்பதால் மட்டும் எவரும், திருமுழுக்குப் பெற்றவர் உட்பட, தம் சொந்த முயற்சியால் விண்ணகம் சேர்வதில்லை; உங்கள் கணவர் மீட்புப் பெற்றிருந்தால் அது கிறிஸ்துவின் அருளால்தான், அவர் அந்த அருளைப் பெயர் சொல்லி அறியாதிருந்தாலும். எல்லா வழிகளும் ஒன்றே என்பதும் கத்தோலிக்கப் போதனை அன்று. தனிப்பட்ட வெளிப்பாடு இல்லாமல் ஒருவர் தம் சொந்த மீட்பைப் பற்றியே ஐயத்துக்கிடமின்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்பது திரெந்துச் சங்கத்தின் போதனை. அப்படியானால் மற்றவருடையதைப் பற்றி எப்படிச் சொல்வது? அடக்கப் பூசையில் இறந்தவரை அன்றே புனிதராக்கிவிடும் மறையுரைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். இறந்தவருக்காகச் செபிக்கும் கடமையை அவை உயிரோடு இருப்பவர்களிடமிருந்து பறித்துவிடுகின்றன.

நரகம் உண்டு, அது முடிவற்றது என்பதைத் திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏடு ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. கடவுளோடும் புனிதரோடும் உள்ள உறவிலிருந்து மனிதர் தம்மையே முற்றிலுமாக விலக்கிக்கொள்ளும் நிலை என்று அதன் 1033-ஆம் எண் அதை விளக்குகிறது. கடவுள் யாரையும் நரகத்துக்கென முன்குறித்து வைக்கவில்லை என்று 1037-ஆம் எண் தொடர்கிறது. சாவான பாவம் ஆவதற்குக் கனமான பொருள், முழு அறிவு, முழு மனச்சம்மதம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும் என்று உங்கள் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் படித்திருப்பார்கள். முதலாவதை நாம் ஓரளவு பார்க்கலாம். மற்ற இரண்டும் பிறர் கண்ணுக்கு எட்டாதவை. திருச்சபை இத்தனை நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கானோரை விண்ணகத்தில் இருப்பதாகப் பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. நரகத்தில் இருப்பதாக ஒரே ஒரு மனிதரின் பெயரையும், யூதாசின் பெயரைக்கூட, அது அறிவித்ததில்லை. புனிதர் பட்டத்துக்கு நேர் எதிரான ஒரு சடங்கு நம்மிடம் கிடையாது. நரகத்தில் யாருமே இருக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிடவும் அது இடம் தரவில்லை. முடிவில் எல்லாரும், தீய ஆவிகள் உட்பட, மீட்கப்படுவர் என்று பண்டைய இறையியலார் ஓரிஜனின் பெயரால் வழங்கிய கொள்கையை ஆறாம் நூற்றாண்டிலேயே மறுத்துவிட்டது.

உங்கள் உறவுக்காரரைப் பற்றிய கேள்வியில் கோபம் இருக்கிறது. அது நியாயமான கோபம். சங்க ஏட்டின் 14-ஆம் எண்ணில், உங்கள் அக்காள் மகன் மேற்கோள் காட்டாத ஒரு வரி உண்டு. திருச்சபையின் உறுப்பினராக இருந்தும் அன்பில் நிலைத்திராமல், உடலால் மட்டும் அதன் மடியில் இருந்து உள்ளத்தால் இல்லாதவர் மீட்புப் பெறுவதில்லை என்றும், பெற்ற அருளுக்கு ஏற்பச் சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் வாழாத கத்தோலிக்கர் கடுமையாகத் தீர்ப்பிடப்படுவர் என்றும் அது எச்சரிக்கிறது. நோயில்பூசுதல் மந்திரம் அன்று; நெஞ்சில் மனத்தாபம் இல்லாதவருக்கு நெற்றியில் பூசிய எண்ணெய் தானாக எதையும் செய்துவிடாது.

ஆயினும் அந்தக் கடைசி நேரத்தில் அவர் உண்மையாகவே மனம் வருந்தியிருந்தால்? சிலுவையில் தொங்கிய கள்வனிடம் இயேசு, “நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்” என்றார். உங்கள் கணவருக்குக் கேட்கிற இரக்கத்தை அவருக்கு மறுக்க நமக்கு வழியில்லை. ஆனால் மன்னிப்பு என்பது நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடுவதன்று. திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தீமை செய்தோர் தம்மால் துன்புற்றவர்களோடு விண்ணக விருந்தில், ஒன்றுமே நடவாதது போல, வேறுபாடின்றி அருகருகே அமரப்போவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். உத்தரிப்பு நிலை பற்றிய போதனை இந்த இடத்தில்தான் நீதிக்குத் துணை நிற்கிறது. அடிபட்ட அந்த மனைவி இன்னும் உயிரோடு இருந்தால், அவரிடம் யாரும் ‘நல்ல மரணம்’ பற்றிப் பேசி வாயை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலப்புத் திருமணத்தில் வாழ்ந்த கொரிந்து நகரத்துப் பெண்களுக்குப் பவுல், நம்பிக்கை கொள்ளாத கணவர் தம் மனைவி வழியாகத் தூயவராகிறார் என்று எழுதினார். இது மீட்புக்கான உத்தரவாதம் அன்று. இரண்டு வசனம் தள்ளி, உன் கணவனை மீட்பாயோ என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அவரே கேட்கிறார். ஆனால் உங்கள் இல்லறம் அவருக்கு அருளின் ஒரு வாய்க்காலாக இருந்திருக்க முடியும் என்று நம்ப அது போதுமான ஆதாரம். உங்கள் செபமாலையும் பூசையும் இப்போதும் அந்த வேலையைச் செய்யலாம். கடவுளுக்குக் காலவரிசை கிடையாது. அவர் இறந்தபின் நீங்கள் செய்யும் மன்றாட்டையும் அவருடைய கடைசி மூச்சின்போதே கடவுள் கேட்டிருக்க முடியும் என்று இறையியலார் விளக்குவது உண்டு.

அக்காள் மகனோடு வசனத்துக்கு வசனம் வாதாட வேண்டாம். திருச்சபை பற்றிய அந்தச் சங்க ஏடு தமிழிலும் உண்டு. 14, 15, 16 ஆகிய மூன்று எண்களையும் சேர்த்து வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்தால் அவருடைய கண்டிப்பும் கிடைக்கும், அதற்கு எதிரான அலட்சியமும் கிடைக்கும். உங்கள் மகள் எதிரில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்; கேட்காவிட்டால் பங்குத்தந்தையிடம் சொல்லி, அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். மகளுக்கு இது புரியும் வயதென்றால், பூசைக் கருத்தை எழுதிக் கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காணிக்கை இவ்வளவு இருந்தால்தான் பூசை என்று எந்தச் சட்டமும் இல்லை. கையில் இல்லாத மாதத்திலும் கேட்கத் தயங்காதீர்கள்.